வேலியில் ஊற்றிய தண்ணீர்

நெடுந்தீவில் கோடை காலத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் சாரதி அவர். நரைத்த தாடி, தோளில் எப்போதும் நனைந்த துவாய். குடங்களை நிரப்பியதும் குழாயில் மிஞ்சும் தண்ணீரைப் பவளக்கல் வேலியில் ஊற்றுவார். சாம்பலாகக் காய்ந்து கிடக்கும் பாசி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகும். அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

"குடிக்கவே தண்ணி காணாது. ஏன் அண்ணை வீணாக்கிறியள்?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"மாசக்கணக்காக் காய்ஞ்சு கிடந்தாலும் இது சாகாது, பிள்ளை. தண்ணி பட்டால் எழும்பிடும்." துவாயைப் பிழிந்தார். "மகனைக் கடல் கொண்டுபோனதிலையிருந்து என்ரை மனுசி வாய் திறக்கிறாவில்லை. அவவுக்கு என்னத்தை ஊத்திறதெண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

அவர் போனபிறகு, வெயிலில் அந்தப் பச்சை மறுபடி சாம்பலாகும்வரை நான் குடத்தைத் தூக்கவில்லை.