நடுக்குழாயில் போட்ட விபூதி

என் தம்பி மகள் தர்ஷினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுதாள். காரணம் நான்தான். இதைக் கோயில் மண்டபத்தில் சகோதரிகள் முன் எழுந்து சொல்ல எனக்குக் கூச்சம். தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். தெரிந்தவரை எழுதுகிறேன்.

தம்பி வீடு ஆயர் தாவாரில். தர்ஷினி ஈப்போவில் என் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது பாடம். பரீட்சையில் ஓட்டிக் காட்ட அவளே ஒரு கருவி செய்தாள். படுக்கையாக ஒரு குழாய், நடுவில் ஒடுங்கியிருக்கும். அதன் மேல் மூன்று மெல்லிய குழாய்கள் நிற்கும். ஒடுங்கிய இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், அழுத்தம் குறையும், அதனால் நடுக்குழாயில் தண்ணீர் இறங்கும் என்றாள். ஓடவிட்டாள். இறங்கியது.

போன மாசி மாதம், வெள்ளிக்கிழமைப் பூசை முடித்தேன். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் விபூதி பூசுவோமே, அதுபோல அவள் இல்லாதபோது நடுக்குழாய்க்குள் ஒரு சிட்டிகை போட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் நடுக்குழாயில் தண்ணீர் அசையவில்லை. விபூதி அடியில், படுக்கைக் குழாயோடு சேர்க்கும் கறுப்பு மூட்டுக்குள் இறுகி அடைத்திருந்தது. வெளியே தெரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லவில்லை.

“என் கணக்குதான் தப்பு” என்று அவள் தாளைக் கிழித்துப் போட்டாள்.

நான் அம்மனிடம் போய், ‘நான் செய்தது அவளுக்குத் தெரியக்கூடாது’ என்று வேண்டினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேண்டுதல் எனக்கே பொறுக்கவில்லை. மாலை விளக்கேற்றி, ‘தாயே, என் வாயைத் திறந்துவிடு’ என்று அழுதேன். தர்ஷினி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அம்மனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அம்மா, எனக்கு மண்டையில ஒன்னும் இல்ல. நாளைக்குப் பரீட்சைக்குப் போகல. படிப்ப விட்டுட்டு ஆயர் தாவாருக்கு அப்பாகிட்டயே போயிடுறேன்.”

என் வாய் திறந்தது. “ஒன் கணக்குல தப்பில்லமா. அந்தக் குழாய்ல நான்தான் விபூதி போட்டேன்.”

அவள் கூப்பிய கையை இறக்கி என் பக்கம் திரும்பினாள். “அத்தே, அதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்லா” என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மூட்டைக் கழற்றி, ஊசியால் குத்தித் தண்ணீர் பீய்ச்சினாள். பத்து நிமிட வேலை. தண்ணீர் இறங்கியது. அந்தப் பத்து நிமிடத்தை நான் இரண்டு நாள் பூட்டி வைத்திருந்தேன்.

அவள் பரீட்சையில் தேறிவிட்டாள். நானும் இப்போது தப்புச் செய்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். சகோதரிகளே, மறைக்க உதவி கேட்காதீர்கள். சொல்லப் பலம் கேளுங்கள். எனக்குத் தந்த தாய் உங்களுக்கும் தருவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பரீட்சைக்குக் கிளம்பும் முன் தர்ஷினி குனிந்து தன் நெற்றியைக் காட்டினாள். அங்கே மட்டும் பூசினேன்.