காளைக்குப் பெயர் உண்டு, கடப்பாக்கத்தாளுக்கு இல்லை

என் கணவர் வீட்டார் 2006இல் வம்சாவளி ஒன்றை அச்சடித்தார்கள். ஏழு தலைமுறை ஆண்கள். பெண் ஒருத்திகூட இல்லை. அந்த எரிச்சலில்தான், என் கொள்ளுப்பாட்டியின் பெயரையாவது கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். பைக்கில் ஒரு மணி நேரம். ஓட்டியவர் கணவர்தான், முணுமுணுத்துக்கொண்டே. கொள்ளுத்தாத்தாவின் உயிலை வைத்து மகன்கள் சண்டை போட்டதால் அது செங்கல்பட்டுக் கோர்ட்டு ஏறியிருந்தது. மனு முன்பே போட்டிருந்தேன், நகல் கிடைத்தது.

மனிதர் சதுரங்கப்பட்டினத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். காளை கந்தன் மூத்தவனுக்கு, காளை ராசு இளையவனுக்கு. மனைவிக்கு? ‘கடப்பாக்கத்தாள் ஆயுள்வரை பின்கட்டில் இருந்துகொள்ளலாம்.’ அவ்வளவுதான். எங்கள் பக்கம் மருமகளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உயிலிலுமா?

ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவளுடைய தம்பிக்கு முழுப்பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் போனோம். நான்கு இடத்தில் விசாரித்து, அந்தத் தம்பியின் பேரனைக் கண்டுபிடித்தோம். எழுபதைத் தாண்டியவர், வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறந்த வீட்டிலாவது பெயர் தெரியும் என்று நம்பினேன்.

“எங்க தாத்தாவுக்கு அக்கா அது. சதுரங்கப்பட்டினத்தாள்னு சொல்லுவாங்கோ, அங்க குடுத்ததால” என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் என்ன பெயர் என்று கேட்டேன்.

“பாப்பான்னு கூப்ட்டுகினு இருந்திருப்பாங்கோ. பேரு இன்னாத்துக்கும்மா இப்ப?”

பிறந்த ஊரில் புகுந்த ஊர்ப் பெயர், புகுந்த ஊரில் பிறந்த ஊர்ப் பெயர். அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன், அவர் பாவம், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் என் போனைக் காணோம். கணவரின் போனை வாங்கி என் எண்ணை அழுத்தினேன். என் கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அவர் போன் திரையில் ஆங்கில எழுத்தில் ‘வூடு’ என்று வந்தது.

என் பெயரைப் போடக்கூடாதா என்றேன்.

“அதான் நீன்னு எனக்குத் தெரியுதே” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

உயில் தேடிப் போகிறவர்களுக்கு: பெண் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள், மைத்துனன், மாப்பிள்ளை, சாட்சி என்று ஆண்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். கிளம்புமுன் வீட்டுக்காரர் போனில் உங்கள் எண்ணை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.