மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை

திரையில் அந்தப் பிள்ளையின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்த இடம் தெரிந்தது. ஒரு கண் முழுதாகத் திறந்திருந்தது, மற்றது பாதி மூடியிருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்தவளின் முதல் எழுத்து மட்டும் வந்தது. பிறகு சத்தமும் நின்றுவிட்டது. சிஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட மறந்து, அசையாத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருந்த இணைய டாங்கிளின் நீல விளக்கு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் எதையும் தொடாதபோது அது ஏன் அப்படித் துடிக்க வேண்டும் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

எட்டு வருடங்களுக்கு முந்தைய கதை இது. கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணினியில் பதிவு செய்யும் வேலை எனக்கு. இன்றும் அதே வேலைதான், அதே அறைதான். மலைமேலேயே குண்டூர் நாட்டில் எங்கள் ஊர். மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, ராசிபுரத்தில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் நான். சிஸ்டர் எங்கள் செவிலியர். கன்னியாகுமரிப் பக்கம், கடலோர ஊர். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மருத்துவர் முதல், மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘பிள்ளே’ என்பார்.

சிஸ்டரின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மலைக்கு வேலை உத்தரவு வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். ஆறு மாதம் இங்கே இருந்திருக்கிறாள். கார்த்திகை மார்கழிப் பனியில் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மற்றவர்களுக்கு மருந்து கொடுக்கிற கையால் தன் பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை ஆவி மருந்து வைக்க வேண்டியிருந்தது என்று ஒருமுறை சொன்னார். கடைசியில் ஊருக்கே கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் விட்டுவிட்டார். மலையில் இத்தனை வருடம் வேலை பார்த்தால்தான் மாறுதல் கிடைக்கும் என்பது விதி. அந்த வருடங்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாட்காட்டியில் தாள் கிழிக்கிற வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவருடைய கைப்பேசியில் மலைமேல் பேச்சு கேட்கும், முகம் வராது. எங்கள் கட்டடத்தில் இணையம் எட்டிப்பார்க்கிற ஒரே இடம் என் அறை ஜன்னல்தான். அதனால் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை என் கணினியை சிஸ்டருக்குக் கொடுப்பது என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அந்த நேரம் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு வேளை. வீடு பள்ளிக்கு எதிரிலேயே என்பதால் ஓடி வந்துவிடுவாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சிஸ்டர் எங்கள் மலைப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வாய் தவறி, இங்கே பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவதுபோல மகளை ‘சாமி’ என்று கூப்பிட்டுவிட, பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நான் சாமியாம்மா? அப்ப எனக்கு மெழுகுவத்தி கொளுத்து” என்றாள்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் கணினி தின்றது. முதலில் எல்லாப் பழியையும் டவர்மேல் போட்டோம். நீல விளக்கைப் பார்த்த அன்று உட்கார்ந்து தேடினேன். அது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கணினி. யாரும் கேட்காமலே பின்னணியில் சேவை என்கிற ஒரு சின்ன நிரல் ஓடி, அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தது. காலை நேரம் முழுக்க மின்சாரம் போய் வந்து, மதியம் கணினியை எழுப்பியதும் அது தன் வேலையை ஆரம்பித்துவிடும். எங்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த இணையத்தில் முக்கால்வாசியை அதுவே குடித்துவிடும். நிறுத்தினேன். மறுநாள் மறுபடியும் ஓடியது. அதைக் குறித்த நேரத்தில் எழுப்பிவிட இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்து, அதையும் நிறுத்தினேன். ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பவும் வந்தது. திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்து, ‘இப்போது நிறுவவா, பிறகு நிறுவவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் இருக்காது.

அந்தப் பெட்டியைப் பார்த்தாலே சிஸ்டருக்கு முகம் மாறும். யாரிடமும் கோபித்துப் பேசாதவர் அதனிடம் மட்டும் பேசுவார். “வேண்டாம்னு ஒரு பட்டன் வச்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?” என்று ஒருநாள் திரையைப் பார்த்துக் கேட்டார். மாதக் கூட்டத்துக்காகக் கீழே போகும்போதெல்லாம், பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் என் கைப்பேசியில் இணையம் விழித்துக்கொள்ளும். தேடிப் பார்த்தால், இதே தொல்லைப்பட்டவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர்கள், உங்கள் பாதுகாப்புக்குத்தான் அது ஓடுகிறது, அதன் வழியில் விடுங்கள் என்று புத்தி சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர்கள் யாரும் என் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததில்லை. கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, இனி வராதுங்க சிஸ்டர் என்று நம்பிக்கையோடு சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் விடாத மழை. மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து, பஸ் நின்றுவிட்டது. கீழே போயிருந்த மருத்துவர் மேலே வர முடியவில்லை. ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், சிஸ்டர் என் அறைக்கு வந்து வாசலில் நின்றார். அவர் வருகிற நேரம் அது இல்லை. கணினியைப் போடச் சொன்னார். ஊருக்குப் பேசியிருக்கிறார். பிள்ளைக்கு லேசான சளி, பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது அவள் ‘அம்மா’ என்று சொல்லி, நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னாளாம். “எங்கம்மைக்கு எல்லாம் ஒண்ணுமில்லதான். நான் கண்ணால பாக்கணும் பிள்ளே” என்றார்.

இணைப்பு கிடைத்தது. தலையணையில் சாய்ந்திருந்த பிள்ளையின் முகம் ஒரு நொடி வந்து, அப்படியே நின்றது. நீல விளக்கு படபடத்தது. நான் நிறுத்திவைத்த எதுவும் அல்ல. மென்பொருள் கடை என்று திரையிலேயே இருக்குமே, அதற்குள் தனியாக அப்டேட் இறக்குகிற ஒன்று இருந்திருக்கிறது. ஒருபக்கம் இறக்கிக்கொண்டே, மறுபக்கம் நிறுவுகிற வேலையிலும் இறங்கியிருந்தது. கணினியை அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. நடுவில் அறுத்தால் கணினி மறுபடி எழாமலே போகலாம் என்பது எனக்குத் தெரியும். மழையால் அனுப்ப முடியாமல் தேங்கியிருந்த கர்ப்பிணிப் பெண்களின் பட்டியல் முழுக்க அதற்குள்தான் இருந்தது. எனக்கோ ஒப்பந்த வேலை. ஒரு வார்த்தையில் போய்விடும்.

அதையெல்லாம் சிஸ்டரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் கெஞ்சவில்லை. அசையாத அந்தப் படத்தில் பிள்ளையின் கழுத்துக்குழியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “மூச்சு விடுகாளா, தெணறுகாளா, ஒண்ணும் தெரியல்ல. ஒனக்கு முடியாதுன்னா சொல்லு, தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா இப்பமே சொல்லு.”

அறுத்தேன். அதைச் சார்ந்து ஓடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொன்றேன். விளக்கு நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிள்ளை அசைந்தாள். சிஸ்டரின் குரல் வார்டில் பேசுகிற குரலாக மாறியதை நான் கேட்டேன். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பிள்ளையை ஒரே மூச்சில் பத்து வரை எண்ணச் சொன்னார். மூன்றுக்குமேல் அவளால் போக முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்ததை நானே பார்த்தேன். “அம்மா, துணி மாத்தாண்டாம், ஒண்ணும் எடுக்காண்டாம். பக்கத்து வீட்டு ஆட்டோவக் கூப்பிடு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றார். அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபிறகும், யாரும் அணைக்காத அந்தக் கைப்பேசி வெறும் தலையணையையே காட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ, “ஏனுங்க சிஸ்டரு, ஊசி போடோணுங்க” என்று கூப்பிட்டதும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஊசி போட்டார்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மண்ணை ஒதுக்கிப் பாதையில் ஒரு வண்டி போகிற அளவு வழி விட்டதும் சிஸ்டர் முதல் ஜீப்பில் இறங்கிப் போனார். என் கணினி மறுநாள் எழவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி நின்றுவிட்டது. பட்டியலில் பாதியை மீட்டேன், மீதியைக் கைப்பதிவேட்டிலிருந்து திரும்ப அடித்தேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மின்தடை என்று பதில் எழுதி மருத்துவரிடம் நீட்டினேன். அவருக்கு நடந்தது தெரியும். கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சிஸ்டர் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். ஒரு சேவையை வேறு எதுவும் எழுப்ப முடியாதபடி செய்கிற கட்டளை ஒன்று உண்டு. அதற்கு மாஸ்க் என்று பெயர். அதைக் கேட்டதும் சிஸ்டர், “முகமூடியா? அதுக்கு அத முன்னமே போட்டிருக்கலாமே பிள்ளே” என்று சிரித்தார். அதன்பிறகு ஒன்றரை வருடம் அந்த அரை மணி நேரத்தை யாரும் தொடவில்லை. பிள்ளை வரைந்த படங்கள், விழுந்து முளைத்த பற்கள், தலைப்பேன், வாய்ப்பாடு எல்லாம் என் அறைக்கு வந்து போயின. எனக்கு அவள் ‘கம்ப்யூட்டர் சித்தி’ என்று பெயர் வைத்திருந்தாள். எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. இன்றும் இல்லை. ஒன்றரை மணி ஆகப்போகிறது என்றால் நானும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மாறுதல் உத்தரவு வந்த அன்று சிஸ்டர் அதை என்னிடம்தான் முதலில் காட்டினார். நான் சந்தோஷமுங்க சிஸ்டர் என்றேன். சந்தோஷம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, நடத்துநர் விசில் ஊதும்வரை விடவில்லை.

இப்போது எங்கள் நிலையத்துக்கு கேபிள் இணையம் வந்துவிட்டது. புதுக் கணினியிலும் அப்டேட் பின்னணியில் ஓடுகிறது. ஓடி முடிந்த பிறகுதான் தெரிகிறது. அதை நான் நிறுத்தவில்லை, அவசியமும் இல்லை. ஆனாலும் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை நான் எந்தப் பட்டியலையும் அனுப்புவதில்லை. புதிதாக வந்த செவிலியர் காரணம் கேட்டபோது, அந்த நேரத்தில் லைன் சரியாக இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சிஸ்டரிடம் பேசினேன். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை பேசியது, பிறகு கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் என்று ஆகிவிட்டது. பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். மூச்சு இழுப்பு வருவதே இல்லையாம். “இப்பதான் பக்கத்துலயே இருக்காளே, உங்களுக்கு என்னங்க குறை” என்றேன். அவர் சொன்னார்: “அடுத்த ரூம்லதான் இருக்கா பிள்ளே. கதவு சாத்தியிருக்கும். அன்னைக்கெல்லாம் அந்த அரை மணி நேரம் எம் மூஞ்சிய மட்டுந்தான் பாத்துக்கிட்டிருப்பா. எனக்கு இப்ப ஒங்க மலதான் நெனவுல வருது.”

அப்போது அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வளர்ந்த ஒரு குரல் ஏதோ கேட்டது. சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொள்ளாமலே கைப்பேசியை எங்கோ வைத்தார். பாத்திரம் நகர்ந்தது. தட்டில் சோறு போட்டாரோ என்னவோ, கரண்டிச் சத்தம் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. சிஸ்டர் சிரித்தார். என் அறை வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பதிவுக்காக வந்து நின்றாள். உட்காரும்படி கை காட்டிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.