கப்பலில் போன பீம்ராவ்

எங்கள் நைனா மனோகரன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் படத்துக்கு நான் இதுவரை ஒரு முழம் பூ போட்டதில்லை. என் பெண்சாதி திட்டுவாள். நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டார், கை நீட்டுவதும் கம்மி. ஆனால் பத்து வயசில் நான் சொன்ன ஒரு விஷயத்தை அவர் நம்பவில்லை. அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

நானும் பீம்ராவும் திருவொற்றியூரில் ஒரே சந்து, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சந்து முனையில் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், சில சமயம் ரெண்டு மூணு நாள்கூட. காலி கன்டெய்னர் என்றால் பூட்டு இருக்காது. உள்ளே ஏறிக் கதவை இழுத்து வைத்தால் கும்மிருட்டு. அதுதான் எங்கள் கப்பல். பீம்ராவ் கேப்டன், நான் மிஷின் ரூம். அவன் இரும்புச் சுவரில் காதை வைத்துக் கேட்டு, "பர்மா வந்துட்ச்சு, எறங்கு" என்பான். இறங்கினால் எங்கள் சந்தே வேறு ஊராகத் தெரியும். கன்டெய்னர் என்ற பேச்சை வெளியே எடுக்கக் கூடாது, கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா மேல் சத்தியம் வாங்கியிருந்தான்.

அன்றைக்குச் சித்திரை வெயில், லீவு நாள். தண்ணி லாரி வந்துவிட்டது, குடம் தூக்க வா என்று என் அம்மா கத்தினாள்.

"நீ போ மாமு. நான் ரங்கூன் போய்ட்டு வந்துர்றேன்" என்று பீம்ராவ் கதவை இழுத்துக்கொண்டான்.

நாலு குடம் தூக்கிவிட்டு வந்து பார்த்தால் லாரி இல்லை. கிளீனர் பழக்க தோஷத்தில் கதவுக் கம்பியை வெளியில் தாழிட்டுவிட்டு ஏறியிருப்பான்.

நைனாவிடம் ஓடினேன். சத்தியம் வாயைக் கட்டியது. "பீம்ராவ் கப்பல்ல போய்ட்டான் நைனா."

அவர் சீட்டாட்டத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த ஊருக்குடா? வரசொல்ல ஒரு சென்ட் பாட்டில் வாங்கியாரச் சொல்லு."

கூட ஆடினவர்கள் சிரித்தார்கள்.

இருட்டியதும் பீம்ராவின் அம்மா குணசுந்தரி தெருத் தெருவாகப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். எனக்குத் தாங்கவில்லை, சத்தியத்தை உடைத்தேன். "கன்டெய்னர்ல கீறான் நைனா. லாரி எடுத்துகினு போயிட்ச்சு."

"மத்தியானம் கப்பல், இப்ப கன்டெய்னரா? நாளைக்கு ஏரோப்ளேனா?" கன்னத்தில் ஒன்று விட்டார். "அந்தம்மா வயிறு எரிஞ்சிகினு கீது. அதாண்ட போய் கத வுட்டே, தோல உரிச்சிடுவேன்."

நானும் போகவில்லை. பயம். ராத்திரி முழுக்கக் கடற்கரையில் தேடினார்கள்.

மறுநாள் சாயங்காலம், சடையங்குப்பம் பக்கம் ஒரு யார்டில் வாட்ச்மேன் கதவைத் திறந்தபோது கிடந்தான். உயிர் மட்டும் இருந்தது. பேச்சு வர நாலு நாள் ஆனது. நைனா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பன்னும் பாலும் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

அப்புறம் பீம்ராவ் கப்பல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கதவு சாத்தின அறையில் அவனால் உட்கார முடியாது. பள்ளிக்கூடம் போச்சு, வேலை போச்சு, கல்யாணமும் இல்லை. கடைசியில் காலடிப்பேட்டையில் இஸ்திரி வண்டி போட்டான். நாலு பக்கமும் திறந்த வண்டி.

பிள்ளைகள் அவனைச் சுற்றியே இருக்கும். ஒரு நாள் நான் நிற்கும்போது ஒரு வாண்டு வந்து, "மாமா, எங்கூட்டு பீரோக்குள்ள ஒரு ரோடு கீது" என்றது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எங்க போவுது?"

"மணலிக்கு."

"பஸ் ஓடுதா?"

"இல்ல, மாடு மட்டும் போவும்."

"நீ உள்ள பூந்தியா? சாவி யாராண்ட கீது?"

"அம்மாவாண்ட."

துணியை அப்படியே போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு நடந்தான். "பீரோவ பூட்டசொல்ல உள்ள பாத்துட்டுப் பூட்டும்மா."

"இன்னாத்துக்கு? கொயந்த எதுனா ஒளறும். நீயும் தூக்கினு வந்துட்டியா?" என்றாள் அவள்.

"இஸ்திரி போடச் சொன்னா விசாரணைக் கமிஷன் நடத்துறான்" என்று தெருவே கிண்டல் பண்ணும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு நானே ட்ரெய்லர்தான் ஓட்டுகிறேன். கன்டெய்னரைக் கையால் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை.

போன மாசம் பீம்ராவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. அந்தக் கன்டெய்னரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டிலை வராண்டாவிலேயே போடச் சொல்லிச் சண்டை பிடித்துக் கிடந்தான். முகம் வீங்கிப் போய், மூச்சுக்கு நடுவில் பேசினான். அவன் தங்கை அன்புக்கரசியின் பேத்தி மதியைப் பற்றி. ஏழு வயசு.

"மொட்டமாடி சின்டெக்ஸ்ல ஆமை வந்து முட்ட போட்டுகீதுன்னு சொல்லிகினு கீது மாமு. வூட்ல அத்தினி பேரும் அத்த வையிறாங்க. நான் போலாம்னு கீந்தேன், முடியல. நீ ஏறி மூடியத் தொறந்து பாரு. கீய நின்னுகினே பாத்துட்டேன்னு பொய் சொல்லாத, அது கண்டுபுட்ச்சிரும். உள்ள இன்னா கீதோ அத்த நேரா அதாண்ட சொல்லு. சிரிக்காத. அது தனியா ஏறதுக்குள்ள போ."