நேசனின் உடலைப் பெற்றுக்கொள்பவர்

பதினெட்டு வருடம் கூடவே வாழ்ந்த மனைவி பக்கத்திலேயே நிற்க, ஒருவருடைய உடலை அவளிடம் கொடுக்க முடியாமல் போவதற்கு யார் காரணம்? எனக்குத் தெரியவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியவில்லை.

நேசன் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, தோஹாவில், வேலைத்தளத்தில். மாரடைப்பு என்கிறார்கள். நாற்பத்தாறு வயது.

இங்கே கனடாவில், மார்க்கம் அலுவலகத்தில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். அவர் லிஃப்ட் பராமரிப்பு, நான் ஆவணப் பிரிவு. மதியம் மேசையில் எல்லோருடைய சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்த பிறகுதான் தன்னுடையதைத் திறப்பார்... இதை வாசிக்கிற சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

நான் இப்படியான பதிவுகள் எழுதுகிறவள் அல்ல. ஆனால் ஆளுக்காள் ஒரு கதை சொல்கிறார்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் கிளையை மூடியபோது எனக்கு வேறு வேலை கிடைத்தது. நேசனுக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது மாதம். பிறகு தோஹாவிலிருந்து ஒரு கம்பனி கூப்பிட்டது.

அங்கே வேலை போனால் நாடும் போகும், யோசித்துச் செய்யும் என்று சொன்னேன். சிரித்தார். "ரூஜ் பக்கம் வீடு வாங்கேக்கையும் நீங்கள் உப்பிடித்தான் சொன்னனீங்கள் அக்கா."

புறப்படுகிற கிழமை ஒரு ஷொப்பிங் பையோடு என் புதிய அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் ரிப்போர்ட்.

"உங்கட மெஷினில உதுகளை ஒருக்கா லாமினேட் பண்ணித் தாங்கோ அக்கா."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒருமுறையாவது எல்லாக் கடதாசியையும் தொலைத்தவர்கள் நாங்கள். நேசனின் முதல் பிறப்புச் சான்றிதழ், இடம்பெயர்ந்து கடல்நீரேரியைக் கடந்த அன்று சட்டைப்பைக்குள்ளேயே கரைந்துபோனது. முக்கியமானது என்றால் பிளாஸ்டிக்கில் போட்டுவிடுவது எங்கள் பழக்கம்.

நான் ஆவணங்களோடு வேலை செய்கிறவள். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் செய்து கொடுத்தேன். சூடாக, பளபளவென்று வந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனி வெள்ளம் வந்தாலும் பயமில்லை."

தோஹாவில் குடும்ப விசாவுக்குக் கேட்கிற முத்திரை கடதாசியின் மேலேயே விழ வேண்டுமாம். பிளாஸ்டிக்கின் மேல் குத்த மாட்டார்களாம்.

கல்யாணச் சான்றிதழின் ஒரு மூலையை உரித்துப் பார்த்திருக்கிறார். எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது.

வேறு அத்தாட்சியும் இல்லை. நேசனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவருடைய அப்பாவின் பெயர், மனைவி கலாவின் பாஸ்போர்ட்டில் அவளுடைய அப்பாவின் பெயர். அங்கே பார்க்கிறவர்களுக்கு இவர்கள் யாரோ, அவர்கள் யாரோ.

அதனால் குடும்ப விசா இல்லை. கலாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் விசிட் விசாவில் இருந்தார்கள். அந்த விசாவில் பள்ளிக்கூடமும் இல்லை.

சின்னவள் சுவரில் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறாள். முதல் பாடம் கணக்கு, ஆசிரியர்: அக்கா. இரண்டாம் பாடம் விஞ்ஞானம், ஆசிரியர்: அக்கா. மூன்றாம் பாடம், அக்காவோடு சண்டை. நேசன் எனக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினார். பகிடியாகத்தான் அனுப்பினார். நான் சிரிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை.

புதிய கல்யாணச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, இங்கே முத்திரை வாங்கி, நான்தான் கூரியரில் அனுப்பினேன். கிடைத்ததும் அங்கே மொழிபெயர்ப்புக்கும் முத்திரைக்கும் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை கடைசியாகப் பேசினார். "ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்திடும் அக்கா. வந்த உடன பெட்டையளைப் பள்ளிக்கூடத்தில விடுறன்."

செவ்வாய்க்கிழமை ஆள் இல்லை.

புதன்கிழமை மதிய இடைவேளையில் கலா அழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து. முத்திரைக்குக் கொடுத்தவர்தான் வந்து வாங்க வேண்டும் என்று சொல்லி அந்த அலுவலகத்தில் புதிய சான்றிதழைத் தர மறுத்துவிட்டார்களாம். தூதரகம் கடிதம் தருகிறது, ஆனால் வார விடுமுறை கழிந்துதான். அதுவரை உடல் குளிரறையில்.

கையில் இருந்த லாமினேட் செய்ததை ஆஸ்பத்திரி கவுன்டரில் கொடுத்திருக்கிறாள். வாங்கியவர் முன்னும் பின்னும் திருப்பி முத்திரையைத் தேடிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டார். போனில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் மரியாதையாகப் பார்த்தாராம்.

"அக்கா, இவருக்கு நான் ஆர் எண்டு கேக்கினம்."

பிறகு மெதுவாக, "கம்பனி ஃபைலில சிங்கிள் எண்டுதான் இருக்காம்."

"பிள்ளையள் சாப்பிட்டதுகளோ?" என்று மட்டும் கேட்டேன். அதுதான் என் வாயில் வந்தது.

நேசன், உம்மை மதியச் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் எனக்குத் தெரியும். எல்லோருடைய பெட்டியையும் திறந்தீர். நான் மட்டும் என்னுடையதை மூடி வைத்துக்கொண்டே பதினொரு வருடம் இருந்தேன். போய் வாரும்.

மறுநாள் வியாழக்கிழமை நடந்தது இது. அங்கே நேசனின் விசாவுக்குப் பொறுப்பு கம்பனிதானாம்; அங்கிருந்து பஷீர் என்ற ஒரு மலையாளி அலுவலர் வந்தார். கலாவுக்கும் அவருக்கும் அன்றுதான் அறிமுகம். உடலைப் பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்திட்டார்.

தானும் கீழே ஒரு ஓரத்தில் போடலாமா என்று கலா கேட்டிருக்கிறாள். பஷீர் பேனையை அவளிடம் கொடுத்திருக்கிறார். படிவத்தில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று கவுன்டரில் இருந்தவர் சொன்னாராம்.

பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.