சாட்சி சொன்ன ரத்தம்

காவல் நிலையத்தில் அவருக்கு மூஞ்சிக்காரர் என்று பெயர். திருடனைப் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல முகத்தைச் சேர்த்துக் காட்டுவது அவர் வேலை. கண்ணாடித் தாளில் வரைந்த பத்து நெற்றி, பத்து ஜோடிக் கண், பத்து மூக்கு, பத்து வாய், பத்துத் தாடை. எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அடக்கம். ஐம்பதே துண்டு. மாற்றி மாற்றி அடுக்கினால் லட்சம் முகம். அந்த லட்சத்தில் பாதி இன்ஸ்பெக்டரின் மச்சான் ஜாடையில் இருந்ததை யாரும் வெளியே சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வந்ததும் பெட்டியை அவர் தலையிலேயே கட்டி அனுப்பிவிட்டார்கள்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது இவர்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். ரத்த வகை ஒன்று. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை.

“முப்பது வருஷத்துல இப்பதான் உங்களால ஒரு உபயோகம்,” என்று டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி அவள் சிரித்தாள்.

கடைசிப் பரிசோதனையில் இவருடைய வெள்ளணுக்களை அவள் ரத்தநீரில் கலந்து பார்த்தார்கள். ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை.

“உங்க பெட்டி மாதிரிதான் சார்,” என்றார் டாக்டரம்மா. “உடம்புகிட்டயும் கொஞ்சம் துண்டுதான் இருக்கு. வெட்டி, ஒட்டி, யாரு வரப்போறான்னு தெரியாமலே வர்றவனைப் பிடிக்கிற ஆன்டிபாடியைக் கோடி தினுசுல செஞ்சு வச்சுக்கும். வந்தவனுக்கு எது பொருந்துதோ அதைப் பெருக்கி, இன்னும் செதுக்கும். இவங்க உடம்பு உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கு. உங்க கிட்னியை வச்சா அன்னைக்கே போயிடும்.”

“அது என்னை எங்கே பார்த்துச்சும்மா?”

“ஒரு பிரசவம்னு எழுதியிருக்கே. வயித்துல இருந்த பிள்ளைகிட்ட உங்க பாதி இருந்துச்சுல்ல. அதைப் பார்த்ததுதான். சிலருக்கு மறக்கிறதே இல்லை.”

அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது ஒரு பகல். அன்று அவர் ஒரு நகைத் திருடனுக்குத் தாடை தேடிக்கொண்டிருந்தார். வந்து சேர்வதற்குள் துணியைச் சுற்றிவிட்டார்கள். விலக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷமாக வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே மனைவியிடம் சொன்னார்.

“வேற ஆள் கிடைக்குமா?”

“வரிசையில பேர் எழுதியிருக்காங்க.”

வரிசை எவ்வளவு நீளம் என்று அவள் கேட்கவில்லை. “நாளன்னைக்கு வரும்போது பெட்டியைக் கொண்டாங்க,” என்றாள்.

கொண்டுபோனார். போர்வை மேல் பரப்பினார்.

“நெத்தி இதுவா?”

“இன்னும் சின்னது. ஆங், அது. மூக்கு உங்களுது. பாவம்.”

வாய் கிடைத்தது. தாடையும் கிடைத்தது.

“கண்ணு?”

“தொறக்கவே இல்லைங்க.”

பத்தையும் இரண்டு தடவை புரட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எவன் திருடுவான்? நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே இடத்தை விட்டுவிட்டு, அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

ஊசி ஏறாத கையை நீட்டி, அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“இப்படித்தான் இருந்துச்சு,” என்றாள். “பார்த்துக்குங்க.”