ஏழு இடத்தில் ஒரு சொல்

2005ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அந்த ஊரில் பிறந்த கத்தோலிக்கக் குரு ஒருவர் ஸ்பானிய அரசர்களின் காலத்தில் கப்பலேறி, கலிபோர்னியாவின் தெற்குப் பக்கத்தில் மிஷன் கோவில் கட்டி, அங்கேயே செத்துப்போனவர். அவர் தங்கைக்கு எழுதிய கடிதங்களைப் படித்து, ஒரு நினைவுக் கண்காட்சி வைப்பதென்று எங்கள் கோவில் பங்கில் முடிவானது. செவ்வாய் தோறும் கூடினோம். ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார் ஒருவர் வாசித்து விளக்குவார். நான் வரலாற்றுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். முதலில் போனது அங்கே கொடுக்கும் கேக்குக்காக.

மாதம் ஒருமுறை எங்கள் கோவிலில் தமிழ்ப் பூசை நடக்கும். ஆகவே விளக்கப் பலகைகள் தமிழிலும் இருக்கட்டும் என்றார் வாத்தியார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறிக்க ஜெர்மனில் 'ஹைடன்' என்றொரு பழைய சொல் உண்டு. பலகைகளில் அது ஏழு இடத்தில் வந்தது. ஏழு இடத்திலும் 'அஞ்ஞானிகள்' என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. மன்னாரில் சின்ன வயதிலிருந்து செபத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், தானாகவே பேனைக்கு வந்துவிட்டது.

எனக்குத் தமிழ் தட்டச்சு தெரியாது. என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்த யாழ்ப்பாணத்து நண்பருக்குத் தெரியும். சைவர். ஹம் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழா நோட்டீசெல்லாம் அவர் அடித்ததுதான். தினமும் அவருடைய காரில்தான் வேலைக்குப் போவேன். என் மனைவி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் பிள்ளைகள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் அடித்த தாள்களை நீட்டினார். ஏழு இடத்தில் வெற்றிடம்.

"இந்தச் சொல்லை நான் அடிக்கேல்லை, அண்ணை."

"ஏன், என்ர எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்கிச்சுது. எங்களையும் இப்பிடித்தானே சொல்லுறனீங்கள்?"

"சீச்சீ! இது அங்கத்தைச் சனத்தை."

"அவையும் சாமி கும்பிட்ட சனம்தானே" என்றவர் வண்டியை எடுத்தார்.

அந்தக் கிழமை முழுதும் காரில் ரேடியோ மட்டும்தான் பேசியது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு ரோஷமா என்று வீட்டில் கத்தினேன். "உங்களை ஆரும் அப்பிடிச் சொன்னாப் பொறுப்பியளோ?" என்று மனைவி கேட்டாள். அதன் பிறகு கோபம் போய் வெட்கம் வந்தது. இந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்ற பயமும் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாத்தியாரிடம் போய்ச் சொல்லை மாற்றலாமா என்று கேட்டேன். அவர் கூடாதென்று தலையை ஆட்டினார். "கடிதத்தில் இருப்பதை மாற்றினால் நம்முடைய குரு இருந்ததைவிட நல்லவராகிவிடுவார். அதுவும் பொய்தானே?" என்றார். நியாயம்தான். ஆனால் ஜெர்மன்காரருக்கு அந்தச் சொல் எங்கோ தூரத்தில் இருந்தவர்களைப் பற்றியது. தமிழில் வாசிப்பவருக்கு அது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது. இதைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு ஜெர்மன் பலகைகளையும் ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும் என்றார்.

அன்று மேசையில் அந்த மிஷனின் ஞானஸ்நானப் புத்தகப் பிரதி ஒன்று கிடந்தது. ஒவ்வொரு வரியிலும் ஞானஸ்நானம் பெற்றவருக்குப் புதிதாக வைத்த ஸ்பானியப் புனிதரின் பெயர். பழைய பெயர் எங்கேயும் இல்லை. எனக்கும் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டும் போர்த்துக்கேயப் பெயர், மன்னாரில் எங்கள் ஆட்களைப் போர்த்துக்கேயர் கிறிஸ்தவராக்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இத்தனை செவ்வாய்க்கிழமை கேக் தின்றபடி யாரோ ஒருவருடைய கதையைப் படிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஏழு இடத்தையும் பார்த்தேன். ஒன்றுதான் குருவின் கடிதத்தில் வந்த வரி. மற்ற ஆறும் எங்கள் வட்டம் எழுதியவை. கடித வரியில் மேற்கோள் குறிக்குள் அந்தச் சொல்லையே எழுதினேன். ஆறு வெற்றிடத்தில் 'தங்கள் சாமியைக் கும்பிட்டு வந்த மக்கள்' என்று பேனையால் நெருக்கி எழுதினேன். பார்க்க வடிவாக இல்லை. அடுத்த நாள் காரில், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு வாரும் என்று கேட்டேன். "பாப்பம்" என்றார்.

வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பலகை விடாமல் வாசித்தார். கடித வரிக்கு முன்னால் நின்றார்.

"இதை விட்டிருக்கிறியள்."

"அது அவர் எழுதினது. அழிச்சா அவர் எழுதவேயில்லை எண்டு ஆகியிடும். மிச்சம் ஆறும் நாங்கள் எழுதினது, மாத்தியிட்டன்."

அவர் தலையசைத்தார். ஞானஸ்நானப் புத்தகப் பிரதியிடம் வந்ததும் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"உங்கட ஆக்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வர முந்தி எங்க கும்பிட்டவை, அண்ணை?"

"தெரியாது."

"மன்னார் எண்டா திருக்கேதீச்சரச் சிவன் கோயிலாத்தான் இருக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குத்தலாகச் சொல்லவில்லை. "எங்கட ஆக்களும் அங்க போறவை. பக்கத்தில பக்கத்திலதான் நிண்டிருப்பினம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாகக் காரில் பக்கத்தில் உட்கார்ந்தும் வாயைத் திறந்து சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

"பிழை என்னிலதான், தம்பி."